சனிக்கிழமைச் சம்பளமும் தொண்ணூறாம் நாள் பில்லும்

கடை ஷட்டரைச் சீக்கிரமே இறக்கிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, தறியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் விசைத்தறி நண்பர்களே, கடைசியில் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் தொழிலாளத் தோழர்களே! தோழர்களே, முன்னால் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வந்து உட்காருங்கள். கடையில் வேலை பார்ப்பவருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே சட்டத் திருத்தம் செய்திருக்கிறது. கடையில் கிடைக்காவிட்டாலும் இந்த மண்டபத்திலாவது அந்தச் சட்டம் அமலாகட்டும்!

குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் சிறுதொழிலை வாழ வைக்கின்றனவா, வதைக்கின்றனவா? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. நான் தொழிற்சங்கக்காரனும் இல்லை, முதலாளியும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுத்துப் பிழைத்தவன். அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளிக்கு இவ்வளவு கூலி கொடு என்று சட்டம் சிறு முதலாளியிடம் கேட்கிறது. கேட்பது நியாயம். ஆனால் அந்தக் கூலியைக் கொடுக்கிற அளவுக்கு அவருக்கு விலை கிடைக்கிறதா என்று அதே சட்டம் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. என் வழக்கு அவ்வளவுதான். இனி சாட்சிகளைக் கூப்பிடுகிறேன்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. நாடு விடுதலை பெற்று ஒரு வருடம்கூட முடியாத நேரம். அதன்படி பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும் அரசு கூலி நிர்ணயித்து வந்தது. ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு மேலே அகவிலைப்படி உண்டு. விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏப்ரல் 1-ஆம் தேதி அது மாறும். இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், "என் தொழில் பட்டியலில் இல்லையே" என்று இனி யாரும் சொல்ல முடியாது. எந்தத் தொழிலானாலும் குறைந்தபட்சக் கூலி உண்டு.

"சரிங்க, என்னால முடியலைன்னா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் உச்ச நீதிமன்றத்தில் கேட்டுவிட்டார்கள். 1961-இல் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முதலாளியின் சக்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். பெரிய ஆலையா, சின்னக் கொட்டகையா, லாபமா, நட்டமா, எதையும் பார்க்க வேண்டாம். வயிற்றுக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் கிடையாது.

கடுமையாக இருக்கிறதா? எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு டிபன் கடைக்குள் நுழைந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விஷயம் புலப்படும்.

கற்பனையாக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் கடை. பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், இரண்டு சப்ளையர், டீ மாஸ்டர், பாத்திரம் கழுவும் இரண்டு அம்மாக்கள், மேசை துடைக்கும் ஒரு பையன். ஆக எட்டுப் பேர். கல்லாவில் முதலாளி. கூலி உயர்ந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுகிறது. எட்டுப் பேருக்கு 400 ரூபாய். அந்தக் கடையில் ஒரு நாளைக்கு 600 பேர் சாப்பிடுகிறார்கள். 400-ஐ 600-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 67 பைசா. ஒரு ரூபாய்கூட இல்லை! சாப்பிட்டு எழுந்து போகிறவர் கவனிக்கவே மாட்டார்.

இதே கணக்கை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். விலையை ஏற்ற முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 400, மாதத்துக்கு 12,000. அது முதலாளியின் சட்டைப்பையிலிருந்து போகிறது. மகளின் காலேஜ் ஃபீஸ் அது. கடை வாடகையில் பாதி அது. அதே தொகைதான். எல்லோரும் பகிர்ந்தால் 67 பைசா, ஒருவர் தலையில் விழுந்தால் 12,000 ரூபாய்.

அப்படியானால் விலையை ஏன் ஏற்ற முடியவில்லை? சிலிண்டர் விலை ஏறும்போது ஏற்றுகிறோமே! கேஸ் விலை ஏறிய மறு வாரம் தோசை விலை ஏறுகிறது. யாரும் மறியல் செய்வதில்லை. ஏன்? பக்கத்துக் கடைக்கும் சிலிண்டர் அதே விலைதான். எதிர்க் கடைக்கும் அதே விலைதான். எல்லோரும் ஏற்றுகிறார்கள். கூலி அப்படி ஏறுவதில்லை. நீங்கள் சட்டப்படி கொடுக்கிறீர்கள். எதிர்க் கடைக்காரர் இரண்டு நோட்டு வைத்திருக்கிறார். ஒன்று லேபர் ஆபீசருக்குக் காட்ட, இன்னொன்று நிஜமாகவே சம்பளம் கொடுக்க. அவர் தோசையை ஐந்து ரூபாய் குறைத்து விற்கிறார். உங்கள் கூட்டம் அங்கே போகிறது.

ஆகவே உங்கள் எதிரி யார்? சட்டமா? சட்டத்தை மீறிக்கொண்டு எதிரில் கடை வைத்திருப்பவரா?

நான் பார்த்த வரையில் ஆய்வுக்கு வருகிற அதிகாரியிடம் முதலில் மாட்டுவது பதிவேடு ஒழுங்காக எழுதி வைத்திருப்பவர்தான். ஏனென்றால் தப்புக் கண்டுபிடிக்க அவரிடம்தான் பதிவேடு இருக்கிறது! எந்த நோட்டும் இல்லாதவரிடம் எதைப் பார்த்து எழுதுவது? சிரிக்கிறீர்கள். அடிபட்டவர்கள் சிரிப்பது தனியாகத் தெரிகிறது.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளைக் கணக்கெடுத்தார்கள். கூலி ஏறிய பக்கத்தில் ஆட்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. அந்த முடிவை மறுத்து வேறு இருவர் வேறு கணக்கோடு வந்தார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொழிற்சங்க மேடை என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். நான் ஜெர்மனிக்கும் போக வேண்டியிருக்கிறது. அங்கே நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலி 2015 ஜனவரி 1-இல்தான் வந்தது. மணிக்கு 8.50 யூரோ. மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை. கீழ்மட்டத் தொழிலாளரின் சம்பளம் உயர்ந்தது. ஆனால் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். ஆட்கள் சின்ன நிறுவனங்களிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். பாதிப்பு அதிகமான பகுதிகளில் மிகச் சிறிய நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்தது. தொழிலாளி பிழைத்தான், மிகச் சிறிய கடை சில இடங்களில் பிழைக்கவில்லை. இரண்டும் உண்மை. இதில் ஒன்றை மட்டும் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

சரி, விடுப்புக்கு வருவோம். கூலியைப் பற்றிப் பேசும்போது அமைதியாக இருந்தவர்கள்கூட, லீவு என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்.

தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் ஆண்டு விடுப்பு. நோய்க்கு 12 நாள். தற்செயல் விடுப்பு 12 நாள். இதற்கு மேல் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி தேசிய விடுமுறை 4, பண்டிகை விடுமுறை 5. கூட்டினால் 45 நாள். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை தனி.

கடை வைத்திருப்பவர் இதைக் கேட்டதும் என்ன சொல்கிறார்? பல்லடம் பக்கத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, முந்நூறு பேர் வேலை பார்க்குற ஜவுளிக்கடையில ஒருத்தன் லீவு போட்டா முதலாளிக்குத் தெரியவே தெரியாது. என் கடையில மூணே பேரு. ஒருத்தன் வரலைன்னா நான்தான் மூட்டை தூக்கணும், நான்தான் கல்லாவுலயும் உக்காரணும். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டமுங்களா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் நானும் அவரிடம் ஒன்று கேட்டேன். சட்டம் இல்லாவிட்டால் அந்த மூன்று பேருக்கும் காய்ச்சல் வராதா? தங்கை மகளுக்குக் காதுகுத்து வராதா? ஊரில் இழவு விழாதா? வரும். சம்பளம் பிடிப்பீர்கள் என்று தெரிந்தால் என்ன செய்வார்? காய்ச்சலோடு வந்து பரோட்டாவுக்கு மாவு பிசைவார். ஊர்த் திருவிழா வந்தால் சொல்லாமல் போவார். போனவர் திரும்பி வருவது உறுதியில்லை. தீபாவளிக்குப் போன ஆள் பொங்கல் வரை திரும்பவில்லை என்ற கதையைத் திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியில் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள்! 12 நாள் லீவுக்குச் சம்பளம் தர முடியாது என்று சொன்ன அதே முதலாளி, நல்ல மாஸ்டரைப் பிடித்து வைக்க 50,000, ஒரு லட்சம் என்று வட்டியில்லாமல் முன்பணம் தருகிறார். அந்த மாஸ்டர் இன்னொரு கடையில் கூடுதல் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பணமும் போச்சு, ஆளும் போச்சு. விடுப்புச் சம்பளத்துக்கு ஆகிற செலவை இந்த அட்வான்ஸ் கணக்கோடு ஒரு தடவையாவது ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாங்கிய கடனைக் காட்டி ஆளை வேலையை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்தால் அது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். "நம்ம பையன்தானே" என்பதெல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

இருந்தாலும், மூன்று பேர் கடைக்காரரின் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு என்ன வழி?

வழி நம் கண்ணெதிரில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு! இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அதை வெறும் பிடித்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு அது உண்டு. 2019 ஜூலை முதல் முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு மாதம் 487 ரூபாய் 50 காசு. அதற்கு என்ன கிடைக்கிறது? முறையாகச் சந்தா கட்டியவர் நோயில் படுத்தால் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. உங்கள் கல்லாவிலிருந்து போவதில்லை.

இப்போது மகப்பேறு விடுப்பைப் பாருங்கள். 2017-இல் அது 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. சட்டம் வந்த அன்றிலிருந்து கடைவீதியில் ஒரு பேச்சு கிளம்பியது. "கல்யாணமான பொண்ணுகளை வேலைக்கு எடுக்காதீங்க, ஆறு மாசம் சும்மா சம்பளம் கொடுக்கணும்." எத்தனை பெண்களின் வேலை இந்த ஒரு வரியில் போயிருக்கும்! ஆனால் கணக்கைப் பாருங்கள். 15,000 சம்பளத்தில் ஆறு மாதம் என்றால் 90,000 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் சேர்த்து, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. நீங்கள் இல்லை! உங்கள் தலையில் விழாத செலவுக்குப் பயந்து ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். 21,000-க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் என்றால் செலவு உங்களுடையது, உண்மைதான். சின்னக் கடையில் அப்படி எத்தனை பேர்?

இதைத்தான் நான் கூட்டுச் சுமை என்கிறேன். ஒருவருக்கு ஒருவர் நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்றால் சிறியவர் நசுங்குவார். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கட்டி, நேரும்போது பொதுவிலிருந்து எடுத்தால் யாரும் நசுங்க மாட்டார்கள். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது? பத்து என்ற எண்ணில் இருக்கிறது. ஒன்பது பேரோடு நின்றுவிடும் கடைகள் உண்டு. பத்தாவது ஆள் வந்தால் இன்னொரு பெயரில் லைசென்ஸ் எடுப்பவர்களும் உண்டு. யாரையும் சுட்டிக்காட்டவில்லை, நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம்! இந்தப் பத்துக்குக் கீழே உள்ள கடைகளில்தான் விடுப்பு முழுக்க முதலாளியின் சொந்தச் சுமை. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இப்போது ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடத்திலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால் விரும்பிச் சேரலாம். சேருங்கள் என்பேன் நான்.

இப்போது நான் இத்தனை நேரம் சுற்றி வந்த இடத்துக்கு வருகிறேன். தறிக்கு.

கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர் யார்? அவர் முதலாளியா, தொழிலாளியா? ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். இவர் துணியாக நெய்து திருப்பிக் கொடுப்பார். மீட்டருக்கு இவ்வளவு பைசா என்று கூலி. நூல் அவருடையதில்லை, துணி அவருடையதில்லை. தறி அவருடையது, கரண்ட் பில் அவருடையது, பேங்கில் வாங்கிய கடன் அவருடையது, தறி ஓட்டுகிற ஆளுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்க வேண்டிய பொறுப்பும் அவருடையது. தறி ஓட்டுகிறவருக்கு இவர் முதலாளி. உற்பத்தியாளருக்கு இவர் கூலிக்காரர். சட்டம் இவரை முதலாளி என்ற பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்க்கிறது.

தறி ஓட்டுகிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. அகவிலைப்படி உண்டு. தறிக்காரருக்கு? அவருடைய மீட்டர் கூலிக்கு என்ன சட்டம்? இல்லை! பேச்சுவார்த்தை உண்டு, போராட்டம் உண்டு, அமைச்சர் முன்னிலையில் ஒப்பந்தம் உண்டு. 2021 நவம்பரில் அப்படித்தான் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று அறிவிப்பு வந்தது. பேப்பரில் வந்தது, கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிக்காரர்கள் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். 2025-இல் மறுபடியும் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. ஒவ்வொரு தடவையும் அவர்கள் கேட்பது உயர்வை மட்டும் இல்லை. ஒப்புக்கொண்டதை மீறினால் கேள்வி கேட்கக்கூடிய சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். தறி ஓட்டுகிறவருக்குக் கூலி குறைத்தால் தொழிலாளர் துறையிடம் போகலாம். நெய்து கொடுத்தவருக்குக் கூலி குறைத்தால் எங்கே போவது?

இதில் நாள் கணக்கு வேறு! சம்பளம் சனிக்கிழமை. பில் 90-ஆம் நாள். வட்டிக்காரருக்குத் தவணை 5-ஆம் தேதி. பில் 90-ஆம் நாள். கரண்ட் பில்லுக்குக் கெடு உண்டு. இவருடைய பில்லுக்குக் கெடு இல்லை. கேட்டால், "பார்ட்டி கிட்டயிருந்து இன்னும் வரலைங்க, வந்ததும் பார்க்கலாம்."

கெடு இல்லாமலா? சட்டத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி சரக்கோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. குறு, சிறு தொழிலுக்கான பாக்கியைக் கெடுவுக்குள் கொடுக்கவில்லை என்றால் கொடுக்கும் வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது. கேட்க இனிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் புகார் கொடுக்க வேண்டியவர் யார்? தறிக்காரர். யார் மேல்? அடுத்த வாரம் பாவு நூல் கொடுக்க வேண்டியவர் மேல்! கொடுப்பாரா? தொழிலாளிக்கு என்ன நிலையோ, அதே நிலைதான் இவருக்கும். உரிமை இருக்கிறது, கேட்டால் வேலை போகும்.

தொழிலாளத் தோழர்களே, இங்கே உங்களிடம் ஒரு வார்த்தை. உங்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கிற தறிக்காரரை நீங்கள் திட்டுகிறீர்கள். திட்டுங்கள், சட்டப்படி அவர்தான் பொறுப்பு. ஆனால் அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அந்த ஒருவருக்கு மேலே பெரிய ஷோரூம் இருக்கிறது. கூலியை நிர்ணயிப்பது அங்கே. பழி விழுவது இங்கே.

வணிகப் பெருமக்களே, விசைத்தறி நண்பர்களே, உங்கள் சங்கங்கள் கொடுக்கும் மனுக்களில் பலவற்றைப் படித்திருக்கிறேன். "குறைந்தபட்சக் கூலி உயர்வை ஒத்திவைக்க வேண்டும்." "விடுப்புச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும்." எப்போதும் கீழே பார்த்தே எழுதுகிறீர்கள். ஒத்திவைத்தால் யாருக்கு லாபம்? நீங்கள் மிச்சப்படுத்துகிற 50 ரூபாயை அடுத்த பேச்சுவார்த்தையில் உங்களுக்கு மேலே இருப்பவர் மீட்டருக்கு இத்தனை பைசா என்று குறைத்து எடுத்துக்கொள்வார். உங்கள் கையில் அது ஒரு வருடம்கூட நிற்காது.

அதற்குப் பதிலாக ஒன்று கேளுங்கள். அகவிலைப்படி ஏப்ரல் 1-ஆம் தேதி மாறுகிறது. அதே ஏப்ரல் 1-ஆம் தேதி, அதே விலைவாசிக் குறியீட்டை வைத்து மீட்டர் கூலியும் மாறட்டும். பேச்சுவார்த்தை வேண்டாம், தறியை நிறுத்த வேண்டாம், உண்ணாவிரதம் வேண்டாம். கீழே கூலி ஏறினால் மேலே விலை ஏற வேண்டும் என்று அரசாணையில் எழுதட்டும். 45 நாள் கெடுவை மீறியதற்கான புகாரைத் தனி ஆள் கொடுக்காமல் சங்கத்தின் பெயரில் கொடுக்க வழி செய்யட்டும். அப்போது யார் கேட்டார் என்று தெரியாது, பாவும் நிற்காது.

இன்னொன்று, அந்த மனுவில் தறி ஓட்டுகிறவர்களின் சங்கமும் கையெழுத்துப் போடட்டும். இரண்டு தரப்பும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து அதிகாரிகள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். திகைக்கட்டும்.

வரைவு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றால் நான் தயார். கட்டணம் கிடையாது, டீ மட்டும் போதும். அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள், முதலில் பின்னாலிருந்து வந்து உட்கார்ந்த தோழர்கள், கேட்கலாம்.